மழைக்கு ஹெவி, காற்றுக்கு ஸ்ட்ராங்

சோறு ஊசிப்போகும், பால் திரிந்துபோகும், தக்காளி அழுகும், எண்ணெய் சிக்கு வாடை அடிக்கும், முட்டை கூமுட்டையாகிவிடும். நடப்பது என்னவோ கெட்டுப்போவது ஒன்றுதான். ஆனால் எது கெட்டது என்பதைப் பொறுத்துச் சொல் மாறிவிடுகிறது. 'ஊசிப்போன தக்காளி' என்று தமிழ் பேசும் வீட்டில் யாரும் சொல்லமாட்டார்கள். சொன்னால் இலக்கணப் பிழை என்று சுட்டிக்காட்டவும் முடியாது. காதுக்கு ஒவ்வாது, அவ்வளவே.

ஆங்கிலத்திலும் இதே கதைதான். வெண்ணெய் 'ரான்சிட்', பால் 'சவர்', ரொட்டி 'ஸ்டேல்', முட்டை 'ராட்டன்'. இந்தப் பெயரடைகளை இடம் மாற்றிப் போட்டால் கேட்பவருக்குப் பொருள் புரிந்துவிடும், ஆனாலும் நெருடும். இப்படி ஒரு சொல்லோடு இன்னொரு சொல் வழக்கமாகச் சேர்ந்து வருவதற்கு மொழியியலாளர்கள் வைத்திருக்கும் பெயர் 'கொலொகேஷன்'. தமிழில் சொற்சேர்க்கை என்று வைத்துக்கொள்ளலாம். கனடாவுக்கோ பிரிட்டனுக்கோ ஆஸ்திரேலியாவுக்கோ படிக்கவும் வேலைக்கும் போக நினைத்து ஆங்கிலத் தேர்வு எழுதுகிறவர்களில் பலர் இலக்கணத்தைத் தேற்றிக்கொண்ட பிறகும் இந்த இடத்தில் மதிப்பெண்ணை இழக்கிறார்கள்.

ஐஇஎல்டிஎஸ் தேர்வு, மாணவர்கள் வாயில் 'ஐயெல்ட்ஸ்', 1989 முதல் நடக்கிறது. பிரிட்டிஷ் கவுன்சில், ஐடிபி, கேம்பிரிட்ஜ் மூன்றும் சேர்ந்து நடத்துகின்றன. எழுத்துத் தேர்வில் ஒரு மணி நேரத்துக்குள் குறைந்தது 150 சொல்லில் ஒன்றும் குறைந்தது 250 சொல்லில் ஒன்றுமாக இரண்டு எழுத வேண்டும். கட்டுரையைத் திருத்துபவர் நான்கு அளவுகோல்களை வைத்து மதிப்பிடுகிறார். நான்குக்கும் சம மதிப்பு. அதில் ஒன்று சொல்வளம். எந்த பேண்டுக்கு, அதாவது மதிப்பெண் நிலைக்கு, என்ன தகுதி என்று தேர்வை நடத்துவோரே ஒரு விளக்கப் பட்டியல் வெளியிட்டிருக்கிறார்கள். பேண்ட் 7க்கான வரியில் சொற்சேர்க்கை பற்றிய உணர்வு இருக்க வேண்டும் என்று பெயர் சொல்லியே குறிப்பிட்டிருக்கிறது. கேம்பிரிட்ஜின் சி1 அட்வான்ஸ்ட் தேர்வு இன்னும் நேரடியானது. கிட்டத்தட்ட ஒரே பொருள் தரும் நான்கு சொற்களை வரிசையாகக் கொடுத்து, பக்கத்துச் சொல்லோடு பொருந்துவது எது என்று கேட்கிறது. அங்கே அகராதிப் பொருள் மட்டும் தெரிந்தவருக்கு நான்குமே சரியாகத் தோன்றும்.

இந்தத் தேர்வுகளின் மூதாதை கேம்பிரிட்ஜ் 1913இல் தொடங்கிய ப்ரொஃபிஷன்ஸி தேர்வு. முதல் ஆண்டு அதை எழுதியவர்கள் மொத்தமே 3 பேர். ஏறக்குறைய 12 மணி நேரத் தேர்வு; மொழிபெயர்ப்பு, இலக்கணம், கட்டுரை, ஒலியியல் என்று எல்லாம் இருந்தது. மூவரில் ஒருவரும் தேறவில்லை.

சொற்சேர்க்கையை மொழி கற்பிப்பதன் மையத்துக்குக் கொண்டுவந்த முயற்சி, ஆங்கிலம் தாய்மொழியாக இல்லாத நாட்டில்தான் வேர் விட்டது. ஹெரால்ட் பாமர் என்ற ஆங்கிலேயர் 1923இல் டோக்கியோவில் ஆங்கிலம் கற்பிப்பதை ஆராய்வதற்கென்றே ஒரு நிறுவனத்தைத் தொடங்கினார். ஜப்பானிய மாணவர்களுக்குத் தனித்தனிச் சொற்கள் தெரிந்திருந்தன. அவற்றைச் சேர்க்கத் தெரியவில்லை. 1933இல் பாமர் ஆங்கிலச் சொற்சேர்க்கைகளைத் தொகுத்து ஓர் அறிக்கையே வெளியிட்டார். அவரோடு வேலை செய்த ஏ. எஸ். ஹார்ன்பி அடுத்து ஓர் அகராதி தயாரித்தார். உலகப் போர் நடந்துகொண்டிருந்த 1942இல் அது டோக்கியோவிலேயே அச்சானது. போர் முடிந்தபின் 1948இல் ஆக்ஸ்ஃபோர்ட் பதிப்பகம் அதை எடுத்து வெளியிட்டது. இன்று தமிழ்நாட்டுக் கல்லூரி நூலகங்களில் தடிமனாக உட்கார்ந்திருக்கும் ஆக்ஸ்ஃபோர்ட் அட்வான்ஸ்ட் லேர்னர்ஸ் அகராதி அதன் வழிவந்ததுதான்.

கோட்பாட்டுப் பக்கம் ஜே. ஆர். ஃபர்த். 1919 முதல் 1928 வரை லாகூரில் பஞ்சாப் பல்கலைக்கழகத்தில் ஆங்கிலப் பேராசிரியராக இருந்தவர். பிறகு லண்டன் திரும்பி, பிரிட்டனின் முதல் பொது மொழியியல் பேராசிரியர் ஆனார். ஒரு சொல்லின் பொருளில் ஒரு பகுதி அதன் அக்கம்பக்கத்தில் இருக்கிறது என்பது அவர் வாதம். அவருடைய மாணவர் ஹாலிடே 1960களில் இதற்குக் கொடுத்த உதாரணம் தேநீர்: 'ஸ்ட்ராங் டீ' உண்டு, 'பவர்ஃபுல் டீ' கிடையாது, காருக்கு 'பவர்ஃபுல்' சரி, 'ஸ்ட்ராங்' சரியில்லை. மொழியியல் பாடப்புத்தகங்களில் திரும்பத் திரும்ப வரும் இந்த உதாரணம் தமிழ்நாட்டில் எந்த டீக்கடை வாசலிலும் கேட்கும். 'ஸ்ட்ராங்கா ஒரு டீ' என்று கேட்கிறவர் ஆங்கிலம் படித்திருக்க வேண்டும் என்பதில்லை. பெயரடையும் பெயரும் சேர்ந்தே அவர் காதில் விழுந்தன, சேர்ந்தே நாவில் தங்கிவிட்டன.

கணினி வந்ததும் ஊகத்துக்கு வேலை குறைந்தது. பர்மிங்ஹாம் பல்கலைக்கழகத்தில் ஜான் சின்க்ளேர் 1980இல் தொடங்கிய கோபில்ட் திட்டம், உண்மையில் எழுதப்பட்ட, பேசப்பட்ட ஆங்கிலத்தை லட்சக்கணக்கான சொற்களாகக் கணினியில் ஏற்றி, எந்தச் சொல் எதோடு வருகிறது என்று எண்ணிப் பார்த்தது. 1987இல் அதிலிருந்து ஓர் அகராதி வந்தது. 1994இல் முடிந்த பிரிட்டிஷ் நேஷனல் கார்ப்பஸ் 10 கோடிச் சொற்களைக் கொண்டது. அதை அடிப்படையாக வைத்து ஆக்ஸ்ஃபோர்ட் 2002இல் சொற்சேர்க்கைகளுக்கென்றே தனி அகராதி வெளியிட்டது. சின்க்ளேர் சொன்னது எளிய செய்தி: மனிதர்கள் பேசும்போதும் எழுதும்போதும் ஒவ்வொரு சொல்லாகப் பொறுக்கிக் கோப்பதில்லை, பெரும்பாலும் பாதி கட்டி வைத்த துண்டுகளையே எடுத்துப் பயன்படுத்துகிறார்கள்.

தமிழர் எழுதும் ஆங்கிலத்தில் இந்தத் துண்டுகள் எங்கே உடைகின்றன என்று பார்க்க, 'கடும்' என்ற ஒரே ஒரு தமிழ்ப் பெயரடை போதும். செய்தித்தாளின் ஒரு பக்கத்திலேயே கடும் போட்டி, கடும் எதிர்ப்பு, கடும் வெயில், கடும் தண்டனை, கடும் தட்டுப்பாடு எல்லாம் வந்துவிடும். ஆங்கிலத்தில் இந்த ஒரு சொல் சிதறிவிடுகிறது. போட்டி என்றால் 'ஃபியர்ஸ்' அல்லது 'ஸ்டிஃப்'. தண்டனை என்றால் 'சிவியர்'. சட்டம் 'ஸ்ட்ரிக்ட்'. விமர்சனம் 'ஹார்ஷ்'. எதிர்ப்பு 'ஸ்ட்ராங்'. தண்ணீர்த் தட்டுப்பாடு 'அக்யூட்'. உழைப்பு வெறும் 'ஹார்ட்'. குளிர் 'பிட்டர்'. காய்ச்சலோ 'ஹை'. 'ஹெவி ஃபீவர்' என்று நம்மூரில் சொல்வதைக் கேட்கலாம்; மருத்துவரே அதைப் புரிந்துகொண்டு மாத்திரை எழுதிவிடுவார். தேர்வில் அது பிழை. 'கடுமையான' என்ற சொல்லுக்கு அகராதியில் முதலில் கிடைத்த 'சிவியர்' ஒன்றைப் பிடித்துக்கொண்டு எல்லா இடத்திலும் ஒட்டுகிறவர், 'சிவியர் ஒர்க்' என்று எழுதி மாட்டிக்கொள்கிறார்.

எதிர்த்திசையிலும் அப்படியே. ஆங்கில 'ஹெவி' தமிழுக்கு வரும்போது கனமழையாகிறது, பெரும் நஷ்டமாகிறது. 'ஹெவி ஸ்மோக்கர்' ஓயாமல் புகைப்பவர். 'ஹெவி டிராஃபிக்' நெரிசல். 'ஹெவி' என்றால் கனமான என்று மட்டும் படித்தவருக்கு இவற்றில் பாதி எட்டாது. மழைக்கான சேர்க்கையை மட்டும் தமிழர்கள் எல்லோரும் அறிவார்கள், வடகிழக்குப் பருவமழை வருஷா வருஷம் பாடம் எடுப்பதால். இந்திய வானிலை ஆய்வு மையம் 24 மணி நேரத்தில் 64.5 முதல் 115.5 மி.மீ. வரை பெய்தால் 'ஹெவி' என்றும், 204.4 மி.மீ. வரை 'வெரி ஹெவி' என்றும், அதற்கும் மேலே 'எக்ஸ்ட்ரீம்லி ஹெவி' என்றும் வரையறுத்திருக்கிறது. தொலைக்காட்சி அவற்றைக் கனமழை, மிக கனமழை, அதி கனமழை என்று படிக்கிறது. மழைக்கு ஹெவி, அதோடு வரும் காற்றுக்கு ஸ்ட்ராங், மலைப்பாதையில் இறங்கும் மூடுபனிக்குத் 'திக்'.

வண்ணங்களும் ஏமாற்றும். பச்சைப் பொய்யை ஆங்கிலத்தில் 'கிரீன் லை' என்று யாரும் எழுதமாட்டார்கள் என்றாலும், அவசரத்தில் 'வொயிட் லை' என்று எழுதிவிட வாய்ப்புண்டு. அது யாரையும் நோகடிக்காமல் இருக்கச் சொல்லும் சின்னப் பொய். அப்பட்டமான பொய்க்கு 'பிளேட்டன்ட்' வேண்டும். பச்சைக் குழந்தை 'நியூபார்ன்'.

இவற்றைவிட ஆழமான சிக்கல் ஒன்று இருக்கிறது. அதைப் பயிற்சிப் புத்தகங்கள் கவனிப்பதில்லை. ஆங்கிலம் பெயரடையை வைக்கும் பல இடங்களில் தமிழ் இரட்டைக்கிளவியை வைக்கிறது. தங்கம் விலை கிடுகிடுவென உயர்கிறது, பங்குச் சந்தை மளமளவெனச் சரிகிறது. மேற்படிப்புக்கான ஐயெல்ட்ஸின் முதல் எழுத்துக் கேள்வியில் வரைபடத்தைக் கொடுத்து ஏற்ற இறக்கத்தை விவரிக்கச் சொல்லும்போது, தமிழில் யோசிக்கும் மாணவரின் மனதில் முதலில் வருவது இந்த ஒலிதான். அதற்கு அகராதியில் நேர்ச்சொல் இல்லாததால் 'வெரி பிக் இன்கிரீஸ்' என்று இறங்கிவிடுகிறார். அங்கே எழுத வேண்டியது 'ஷார்ப் ரைஸ்' அல்லது 'ஸ்டீப் ரைஸ்'. படிப்படியாக இறங்கினால் 'கிராஜுவல் டிக்ளைன்', ஒரே சீராக ஏறினால் 'ஸ்டெடி இன்கிரீஸ்', கொஞ்சமே குறைந்தால் 'ஸ்லைட் ஃபால்'. ஒரு டஜன் சேர்க்கைகளுக்குள் வரைபடக் கேள்வியின் பெரும்பகுதி அடங்கிவிடும்.

உடல் வலியில் இந்த வேறுபாடு இன்னும் துலக்கம். தலை விண்விண்ணென்று தெறிக்கிறது, நெஞ்சு சுருக்கென்று குத்துகிறது, வயிறு திகுதிகுவென எரிகிறது, முழங்கால் குடைகிறது. தமிழில் வலியைச் சொல்வது வினைச்சொல்லும் ஒலியும். ஆங்கிலத்தில் அது பெயருக்கு முன்னால் உட்காரும் ஒரு சொல்: தெறிக்கும் தலைவலி 'த்ராபிங்', குத்தும் வலி 'ஸ்டாபிங்', எரியும் வலி 'பர்னிங்', விடாமல் மந்தமாக இருப்பது 'டல்', ஓரிடத்தில் தொடங்கி மின்னலாய்ப் பாய்வது 'ஷூட்டிங்'. மெக்கில் பல்கலைக்கழகத்தின் ரொனால்ட் மெல்சாக் 1975இல் வெளியிட்ட வலி வினாப்பட்டியல் முழுக்க இப்படிப்பட்ட சொற்கள்தான். 78 சொற்கள், 20 தொகுதிகள். நோயாளி தன் வலிக்குப் பொருந்துவதைத் தேர்ந்தெடுப்பார்.

செவிலியர்களுக்கு இது ஏட்டுச் சுரைக்காய் அல்ல. தமிழ்நாட்டிலிருந்து பிரிட்டனுக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் அயர்லாந்துக்கும் போக விரும்புகிறவர்களில் பலர் ஓஇடி எழுதுகிறார்கள். அது 12 மருத்துவத் துறைகளில் இருப்பவர்களுக்கான ஆங்கிலத் தேர்வு. எழுத்துப் பகுதியில் ஒரு நோயாளியின் குறிப்புகளைக் கொடுத்து, இன்னொரு மருத்துவருக்கோ பராமரிப்பாளருக்கோ 180 முதல் 200 சொல்லுக்குள் கடிதம் எழுதச் சொல்வார்கள். வறட்டு இருமல் 'ட்ரை காஃப்' என்பது எளிது. சளியோடு வரும் இருமல் 'ப்ரொடக்டிவ் காஃப்' என்பதைப் படித்தே ஆக வேண்டும். யூகித்து எட்ட முடியாது. ஆழமில்லாமல் மேலோட்டமாக மூச்சுவிடுவது 'ஷாலோ பிரீதிங்', மூச்சுவிடத் திணறுவது 'லேபர்டு பிரீதிங்'. பத்து வருஷம் வார்டில் நின்ற செவிலியருக்கு அந்த மூச்சின் வித்தியாசம் நன்றாகவே தெரியும். தமிழில் அதைத் துல்லியமாகச் சொல்லவும் தெரியும். அவருக்குக் குறைவது அந்த அறிவோடு ஒட்ட வேண்டிய ஆங்கிலச் சேர்க்கை மட்டுமே. அதைக் காரணம் காட்டி அவர் திறமையையே சந்தேகிப்பது அநியாயம்.

ஆராய்ச்சி என்ன சொல்கிறது? பெல்ஜியத்தின் சில்வியான் கிரேஞ்சர் 1998இல் பிரெஞ்சு பேசும் மாணவர்களின் ஆங்கிலக் கட்டுரைகளை ஆராய்ந்தார். பெயரடைக்கு அழுத்தம் சேர்க்க வேண்டிய இடங்களில் அவர்கள் 'கம்ப்ளீட்லி', 'டோட்டலி' இரண்டையும் அளவுக்கு மீறி நம்பியிருந்தார்கள். 'பிட்டர்லி கோல்ட்', 'ஹைலி லைக்லி' போன்று ஒன்றுக்கொன்று ஒட்டிப்பிறந்த சேர்க்கைகளை அவ்வளவாகத் தொடவில்லை. தமிழ் மாணவருக்கு அந்த இடத்தில் 'வெரி'. எல்லாப் பெயரடைக்கும் முன்னால் அது வரும். தப்பும் இல்லை, மதிப்பெண்ணும் ஏறாது.

சியானோவா, ஷ்மிட் என்ற இரு ஆய்வாளர்கள் 2008இல் நேரடியாகப் பெயரடை–பெயர்ச் சேர்க்கைகளையே எடுத்துக்கொண்டார்கள். ரஷ்ய மாணவர்களின் கட்டுரைகளில் இருந்த சேர்க்கைகளில் ஏறத்தாழப் பாதி, ஆங்கிலேயரும் சாதாரணமாகப் பயன்படுத்துபவை. அந்த அளவில் இரு தரப்புக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. ஆனால் ஒரு சேர்க்கையைக் காட்டி இது வழக்கில் உண்டா என்று கேட்டபோது, வெளிநாட்டு மாணவர்கள் தடுமாறினார்கள். முடிவெடுக்க அதிக நேரமும் எடுத்துக்கொண்டார்கள். தெரிந்ததை எழுதுகிறார்கள், தெரிந்ததன் மேல் நம்பிக்கை இல்லை. அடுத்த ஆண்டு டரன்ட்டும் ஷ்மிட்டும் இன்னொன்றைக் காட்டினார்கள்: 'குட் எக்ஸாம்பிள்' போல அடிக்கடி கண்ணில் படும் சேர்க்கைகளை மாணவர்கள் தாராளமாகப் பயன்படுத்துகிறார்கள், அரிதாக வந்தாலும் ஒன்றையொன்று பிரியாத சேர்க்கைகள் அவர்கள் எழுத்தில் குறைவு. பேண்ட் 6க்கும் 7க்கும் இடையில் மாதக்கணக்கில் நிற்பவர்களுக்கு இந்த இரண்டாவது வகைதான் தேவை.

இந்தத் தேவையைக் கோச்சிங் சென்டர்கள் மோப்பம் பிடித்திருக்கின்றன. ஆனால் கொடுக்கும் மருந்து தவறு. 'பிக் என்று எழுதாதே, கொலோசல், சப்ஸ்டான்ஷியல், கன்சிடரபிள், இம்மென்ஸ் என்று எழுது' என ஜெராக்ஸ் தாளில் பட்டியல் கைக்குக் கை மாறுகிறது. பெயரடை மட்டும் இருக்கிறது, அது எந்தப் பெயரோடு போகும் என்பது இல்லை. 'கன்சிடரபிள்' பணத்துக்கும் நேரத்துக்கும் வரும், வீட்டுக்கு வராது. 'பிக் மிஸ்டேக்' அப்பழுக்கில்லாத ஆங்கிலம். அதை 'சப்ஸ்டான்ஷியல் மிஸ்டேக்' ஆக்கிய மாணவர் நல்லதைக் கெடுத்துக்கொள்கிறார். திருத்துபவர் தேடுவது அரிய சொல்லைக் காட்டிலும் இடமறிந்து போட்ட சொல்லை. இந்தப் பட்டியல்களை மனப்பாடம் செய்யும் நேரத்தில் பாதியைச் செலவிட்டாலே உருப்படியாகப் படித்துவிடலாம்.

படிக்கும் முறை பெயர்ச்சொல்லிலிருந்து தொடங்க வேண்டும். கட்டுரை எழுதுகிறவருக்கு முதலில் கையில் இருப்பது பெயர்: சான்று, பாதிப்பு, விளைவு, கொள்கை. அதற்கு முன்னால் என்ன போடுவது என்பதே அவர் திண்டாட்டம். எனவே நோட்டில் 'எவிடன்ஸ்' என்று எழுதி, அதன்கீழ் 'கிளியர்', 'கம்பெல்லிங்', 'க்ரோயிங்' என்று மூன்று போதும். 'டேமேஜ்' என்றால் 'சிவியர்', 'லாஸ்டிங்', 'இர்ரெப்பரபிள்'. 'எஃபெக்ட்' என்றால் 'அட்வர்ஸ்', 'லாங்-டெர்ம்'. தமிழ்ப் பொருளையும் சேர்க்கையாகவே எழுத வேண்டும்: ஈடுகட்ட முடியாத சேதம், நெடுநாள் விளைவு. கல்வி, சுற்றுச்சூழல், உடல்நலம், தொழில்நுட்பம், நகர வாழ்க்கை என்று ஐயெல்ட்ஸ் கட்டுரைத் தலைப்புகள் ஒரு வட்டத்துக்குள்தான் சுற்றுகின்றன. தலைப்புக்கு இருபது பெயர் என்று எடுத்தால் சில வாரங்களில் முடியும் வேலை.

எங்கிருந்து எடுப்பது? ஆங்கில நாளிதழின் தலையங்கம் ஒன்று போதும். பெயர்ச்சொல்லை அடிக்கோடிட்டு, அதற்கு இடப்பக்கம் உள்ள சொல்லைப் பார்க்க வேண்டும். சந்தேகம் வந்தால் சொற்சேர்க்கை அகராதி இருக்கிறது. ஸ்கெல் என்ற இலவச இணையதளம் ஒரு சொல்லைத் தட்டினால் அதோடு வழக்கமாக வருபவற்றை வரிசையாகக் காட்டும். எழுதி வைத்ததை மறுநாள் பெயரை மட்டும் பார்த்துப் பெயரடையை வாய்விட்டுச் சொல்லிப் பார்க்க வேண்டும். பார்த்து அடையாளம் காண்பது ஒன்று, பாராமல் எடுத்துச் சொல்வது வேறு. தேர்வு கேட்பது இரண்டாவதை. 'கிரிஸ்டல் கிளியர்', 'ஸ்லிப்பரி ஸ்லோப்' மாதிரி ஒரே ஒலியில் தொடங்குபவை எளிதில் மனதில் தங்கும் என்பதை ஆய்வாளர் ஃபிராங்க் புவர்ஸ் முதலானோர் சோதித்தே காட்டியிருக்கிறார்கள். மோனையில் வளர்ந்த செவிக்கு இது புதிதாக இராது.

பெயரடைக்குப் பின்னால் வரும் சிறு சொற்களும் இதே கணக்கில் சேரும். 'குட் அட்', 'மேரீட் டு', 'ரெஸ்பான்சிபிள் ஃபார்', 'அவேர் ஆஃப்'. இவற்றுக்குக் காரணம் தேடி நேரம் போக்காமல் ஒரே சொல்லாக எண்ணிப் படிப்பது மேல்.

இங்கே ஒரு நியாயமான கேள்வி எழும். இந்தியாவில் 'குட் இன் இங்கிலீஷ்' என்று கோடிக்கணக்கானவர்கள் சொல்கிறார்கள்; அதைப் பிழை என்று தீர்ப்பளிக்க லண்டன்காரர் யார்? ப்ரஜ் கச்ரு என்ற காஷ்மீரத்து மொழியியலாளர் 1965 முதலே இந்த வாதத்தை முன்வைத்தார். லாகூரில் பாடம் நடத்திய ஃபர்த்தின் சொற்சேர்க்கைக் கருத்தையே கருவியாக எடுத்து, இந்திய எழுத்தாளர்களின் ஆங்கிலத்துக்கு அதற்கேயுரிய சேர்க்கைகள் உண்டு என்று நிறுவினார். 'கசின் பிரதர்' இந்த மண்ணில் வாழும் உறவைச் சொல்கிறது, அதில் குறையில்லை. கச்ருவின் பக்கம் நியாயம் அதிகம். ஆனாலும் தேர்வுத் தாளைத் திருத்துபவர் எந்த நாட்டில் உட்கார்ந்திருப்பார் என்று மாணவருக்குத் தெரியாது. எங்கும் செல்லுபடியாகும் சேர்க்கையைத் தேர்வறையிலும், நம்மூர்ச் சேர்க்கையை நம்மூரிலும் பயன்படுத்துவதில் முரண் ஏதும் இல்லை. சென்னைத் தமிழும் மேடைத் தமிழும் ஒரே நாவில் குடியிருக்கின்றன அல்லவா?

தேர்வறையில் கடைசி ஐந்து நிமிடம் மிஞ்சினால், கட்டுரையை முதலிலிருந்து படிப்பதைவிடப் பெயர்ச்சொற்களை மட்டும் தொட்டுக்கொண்டே போவது பலன் தரும். முன்னால் 'வெரி பிக்' இருக்கிறதா, 'கடும்' என்பதன் இடத்தில் யோசிக்காமல் 'சிவியர்' விழுந்திருக்கிறதா, முன்பு எங்கும் பார்த்திராத ஒரு பகட்டுச் சொல் உட்கார்ந்திருக்கிறதா என்று பார்க்கலாம். சந்தேகமானதை அடித்துவிட்டுத் தெரிந்த எளிய சேர்க்கையைப் போடலாம். 'பிக் மிஸ்டேக்' என்று எழுதியிருந்தால் அதை அப்படியே விட்டுவிடலாம்.